மூன்று உருப்படித் தண்ணீர்

இப்போதெல்லாம் எவனைப் பார்த்தாலும் எத்தனை என்றுதான் கேட்கிறான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் பேரைக் கேட்பதற்கு முன்னால் பிள்ளைகள் எத்தனை என்கிறான். தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் வயசு எத்தனை, எடை எத்தனை, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். எண்ணிக்கொண்டு கிடக்கிறவனுக்கு எங்கே தூக்கம் வரும்? கையில் கட்டியிருக்கிற சாமான் நடந்த அடியை எண்ணிச் சொல்கிறது. அதை இன்னொருத்தனிடம் நீட்டிக் காட்டிப் பல்லைக் காட்டுகிறான். கூச்சம் என்பதே இல்லாமல் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். பட்டியில் உருப்படி எத்தனை என்று கேட்கக் கூடாது. கேட்டாலும் உள்ளதைச் சொல்லக் கூடாது. நாற்பது வைத்திருப்பவனும் "ஏதோ நாலு கெடக்குதுங்க" என்பான். எண்ணிச் சொன்னால் ஒன்று குறையும். இது பெரியவர்கள் சொன்னது என்று நான் சொல்ல வரவில்லை. பெரியவர்கள் சொன்னதில் பாதி புளுகு. இது நானே கண்டது. பொங்கலன்று ஒரு அதிகாரி வந்து கிடாரிகளை எண்ணி எழுதிக்கொண்டு போனான். மாட்டுப் பொங்கல் முடிவதற்குள் ஒரு கிடாரி பாம்பு கடித்துச் செத்தது. நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். ஆனாலும் இது எனக்குப் புரியும்.

எண்ணாமல் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சாயங்காலம் தட்டியைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பேன். மாடுகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். மயிலை வரும், செவலை வரும், கொம்பு மடங்கினது வரும். எது வரவில்லையோ அதன் முகம் மனசில் நிற்கும். தேடப் போவேன். இதற்கு எண் எதற்கு?

மூலனூருக்குத் தெற்கே எங்கள் கொறங்காடு. கொறங்காடு என்றால் உழாமல் மாட்டுக்கென்றே விட்ட மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேலா மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். நான்கு சாளை, அதாவது காட்டுக்குள்ளேயே இருக்கும் நான்கு வீடு. நான்குக்கும் பொதுவாக ஒரு போர்க் கிணறு, ஆயிரத்து நூறு அடி. அதன் தலையில் ஒரு காத்தாடி. மேற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று காத்தாடியைச் சுற்றும், காத்தாடி தண்ணீரை இறைக்கும், தண்ணீர் குழாய் வழியாக அவரவர் தொட்டிக்குப் போகும்.

காற்று நின்றால் முன்னெல்லாம் டீசல் எஞ்சின். டீசல் விற்பதை நிறுத்திவிட்டார்கள். சோலார்த் தகடு வைத்தோம், மூன்றாம் மாதம் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஊருக்குள் காவலோடு வைத்த தகடு ஊர் விளக்குக்கே போதவில்லை. கம்பியில் வரும் கரண்ட் நாளைக்கு நான்கு மணி நேரம். அதில் ஆயிரம் அடி மோட்டார் ஓடாது. அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது.

கொண்டுவந்தவள் நிரஞ்சனா என்ற பெண். கால்நடைத் தண்ணீர் வாரியத்தில் இஞ்சினியர். முப்பது வயசு இருக்கும். பெட்டி ஒரு ஆள் உயரம், பாதி மண்ணுக்குள் புதைத்தார்கள். அடிக்கிற காற்றில் மிஞ்சுவதைக் கரண்டாக உள்ளே சேர்த்து வைக்கும், காற்று இல்லாத நாளில் எடுத்து மோட்டாரை ஓட்டும். பக்கத்துச் சாளைப் பொங்கியண்ணன் அதைப் பார்த்த அன்றே "சோளம் கொட்டி வெக்கற குதிரு மாதிரியே இருக்குதுங்க" என்றான். அன்றிலிருந்து அதன் பேர் குதிரு.

"காத்து நின்னா இதுதான் உங்க மாட்டுக்குத் தண்ணி குடுக்குமுங்க அய்யா" என்றாள் அந்தப் பெண்.

"காத்து நின்னா நாங்களே எறைச்சுக்குவோம், அம்மிணி."

"ஆயிரத்து நூறு அடியில இருந்துங்களா?"



அவள் சொன்னது இதுதான். ஒரு உருப்படிக்கு நாளைக்கு நாற்பது லிட்டர். எத்தனை உருப்படி என்று ஒவ்வொரு வீடும் குதிருக்குச் சொல்ல வேண்டும். மொத்தத்தைப் பார்த்து, நாற்பது நாள் காற்றே இல்லாவிட்டாலும் தாங்குகிற அளவுக்குக் குதிருக்குள் சரக்கு வைப்பார்கள். அதற்கு மேல் ஒரு சொட்டு கொடுக்காது. வேறு ஊரில் ஒருவன் பூட்டை உடைத்துத் தண்ணீரை எல்லாம் தனக்கே இறைத்துக்கொண்டானாம், கைகலப்பில் ஒரு உயிர் போயிற்றாம். அதனால் குதிருக்குள் யாரும் கை வைக்க முடியாது. "நானே நெனைச்சாலும் முடியாதுங்க" என்றாள். அதைப் பெருமையாகச் சொன்னாள்.

"ஆரு வந்து எண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஆரும் எண்ண மாட்டோமுங்க. நீங்க எண்ண வேண்டாமுன்னு சண்டை போட்டதா ஆபீசுல சொன்னாங்க. அதனால நீங்க வாயில சொல்றதுதான். உங்களை நம்பறோம்."

நம்புகிறோம் என்று ஒருத்தன் சொன்னால் அங்கேதான் நான் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

"கூட்டிச் சொன்னா?" என்றார் ரங்கப்பன், நான்காவது சாளைக்காரர்.

"பக்கத்து வீட்டுக்காரரு புகார் சொல்லலாமுங்க. ரெண்டு பேரு நேர்ல பாத்து எண்ணிச் சொன்னாப் போதும். கூடுதலா இருக்கற தண்ணியைக் குதிரு எடுத்து, வேணுங்கறவங்களுக்குக் குடுத்துரும்."

"கொறைச்சுச் சொன்னா?" என்றான் பொங்கியண்ணன்.

அந்தப் பெண் சிரித்தாள். "கொறைச்சு ஆருங்க சொல்லுவாங்க? அவங்களுக்கே நட்டமாச்சே."

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

குதிரு பேசியது. ஏதோ டவுன் பாஷையில் பேசும் என்று நினைத்தேன். எங்கள் பேச்சையே திருடி உள்ளே வைத்திருந்தார்கள். "வாங்க, வாங்க. உங்க பட்டியில உருப்படி எத்தனைங்க?" என்றது, மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி.

ரங்கப்பன் பன்னிரண்டு என்றார். பொங்கியண்ணன் ஒன்பது என்று சொல்லிவிட்டு ஓரமாகத் துப்பினான். நான் பதினைந்து என்றேன். உள்ளது இருபத்து மூன்று. அதை இப்போதுதான் சொல்கிறேன், இப்போது சொல்வதில் குறைய ஒன்றும் இல்லை.

கடைசியாகப் பாவாத்தாள் வந்தாள். என் தம்பி மாரப்பனின் பெண்டாட்டி. நான் நகர்கிற வரைக்கும் மரத்தடியிலேயே நின்றாள். தம்பி வீட்டோடு எனக்குப் பேச்சு இல்லாமல் ஐந்து வருஷம். அவன் காத்தாடிக்குக் கிரீஸ் போட மேலே ஏறினான், நான் கீழே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறக்கை சுற்றி அவனைத் தட்டிவிட்டது. முதுகெலும்பு போய், மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கட்டிலோடு ஆனான். நான் பிரேக்கை விட்டுவிட்டதாக அவன் சொன்னான். நான் விடவில்லை. அவன் சொன்னதும் நான் சொன்னதும் ஊரில் இன்னும் கிடக்கிறது. அதற்கப்புறம் நான் அந்தச் சாளைக்குள் கால் வைத்ததில்லை.

"பதினாலுங்க" என்றாள் பாவாத்தாள் குதிரிடம். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

பொங்கியண்ணன் என் விலாவில் இடித்தான். "ஏனுங்க, உங்க தம்பி பொண்டாட்டியைப் பாருங்க. ஓட்டுச் சீட்டுல குத்தற மாதிரி சொல்லுது."

எனக்கு அன்றைக்கே அது பிடிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடி பிறந்தது, காற்று பிறக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆடிக் காற்றில் சோற்றுத் தட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அந்த ஆடியில் பீடி பற்றவைத்தால் புகை கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. காத்தாடி அசையவில்லை. வெள்வேலா இலை அசையவில்லை. சித்திரை வெயில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. நிழலில் கட்டிய மாடு நாக்கைத் தொங்கப்போட்டு நின்றது.

குதிரு ஓடியது. அதைப் பொய் சொல்ல மாட்டேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மோட்டார் உறுமும், தொட்டியில் தண்ணீர் விழும். பதினைந்து உருப்படித் தண்ணீர், அறுநூறு லிட்டர். அத்தோடு நின்றுவிடும். அதை இருபத்து மூன்று வாய்க்குப் பங்கிட்டேன். ஆளுக்கு அரை வயிறு. முதல் வாரம் தாங்கின. காய்ந்த சோளத் தட்டுதான் தீனி, அது வேறு தண்ணீர் கேட்கும். இரண்டாம் வாரம் பால் வற்றியது. மூன்றாம் வாரம் இரண்டு கன்றுகள் எழுந்திருக்கவில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் என்று கொடுத்தால் எல்லாம் போகும் என்று தெரிந்தது. அதற்கப்புறம் தினமும் எதற்குத் தண்ணீர், எதற்கு இல்லை என்று நானே தட்டியில் நின்று பிரித்தேன். இல்லை என்று ஒதுக்கின மாடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, மற்றது குடிக்கிற சத்தத்தைக் கேட்கும். அது கத்தாது. காதை மட்டும் திருப்பும்.

இருபதாம் நாள் நிரஞ்சனா வந்தாள். செத்த கன்றுகளைப் பார்த்தாள், நின்ற மாடுகளைப் பார்த்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. எண்ணுகிறாள் என்று கையை நீட்டி மறைத்தேன்.

"அய்யா, இங்க பதினஞ்சுக்கு மேல இருக்குதே?"

"ஏதோ கெடக்குது."

"கொறைச்சா சொன்னீங்க?" பொங்கியண்ணன் பக்கம் திரும்பினாள். "எல்லாருமாங்க?"

பொங்கியண்ணன் தலையைச் சொறிந்தான். "வழக்கமுங்க அம்மிணி. எண்ணிச் சொல்லப்படாது."

"நீங்க சொன்னதை வெச்சுத்தானுங்க குதிரோட அளவே போட்டோம்! அம்பது உருப்படின்னு! கூட்டிச் சொன்னா என்ன பண்றதுன்னு ஆறு மாசம் ஒக்காந்து யோசிச்சோமுங்க. கொறைச்சுச் சொல்லுவாங்கன்னு ஒருத்தருக்கும் தோணலை."

"தோணியிருக்கோணும்" என்றேன். "நாலு மாடு வெச்சிருக்கற ஒருத்தனைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பான்."

அவள் அதற்குக் கோபப்படவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து கைக்கருவியில் ஏதோ பார்த்தாள். "இப்பவாவது உள்ளதைச் சொல்லுங்க. குதிரு மாத்திக் குடுக்கும். ஆனா ஒண்ணுங்க. இப்ப இருக்கறபடி போனா இன்னும் இருவது நாளைக்கு வரும். எல்லாரும் உள்ளதைச் சொன்னாப் பதினாலு நாளைக்குத்தான் வரும்."

"அதுக்குள்ள காத்து வருமா?" என்றார் ரங்கப்பன்.

"தெரியலீங்க."

"வராட்டி?"

அவள் கைக்கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

"நீ வேற ஒரு குதிரு கொண்டா" என்றேன்.

"எல்லா ஊரிலயும் காத்து நின்னுருச்சுங்க அய்யா. காலிக் குதிரு வெச்சு என்ன பண்றது?"

யாரும் உள்ளதைச் சொல்லவில்லை. ஒருவன் சொன்னால் மற்றவன் நாள் குறையும், அது ஒன்று. வழக்கம், அது ஒன்று. மூன்றாவது ஒன்றும் உண்டு. இந்த மாதிரி நேரத்தில் எண்ணிச் சொல்லி, காற்று வராமலும் போனால் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம் நான் வேலியோரம் தழை ஒடிக்கப் போனேன். கிளுவை இலையாவது மாட்டுக்குப் போடலாம் என்று. தம்பி காட்டைப் பிரிக்கிற வேலி அது. அந்தப் பக்கம் வேலி மேல் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. நான்கு வேட்டி, இரண்டு துண்டு, ஒரு போர்வை. ஒன்றிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் மாடு மண்ணை நக்குகிறது, இங்கே துணி துவைக்கிறார்கள்.

பாவாத்தாளின் மாடுகள் மரத்தடியில் படுத்திருந்தன. மூக்கு ஈரமாக இருந்தது. நான் செய்யக் கூடாததைச் செய்தேன். அடுத்தவன் பட்டியை எண்ணினேன். ஒன்று, காரி. இரண்டு, சினை மயிலை. மூன்று, நான்கு, ஜோடிக் கிடாரி. வாய்விட்டு எண்ணினேன். பதினொன்று வந்தது. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

பொங்கியண்ணனைக் கூப்பிட்டேன். "நமக்கெதுக்குங்க இந்தப் பாவம்?" என்றான். அவன் எருது அன்று காலையில்தான் விழுந்திருந்தது. அதைச் சொன்னேன். வந்து எண்ணினான். எண்ணும்போது கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு எண்ணினான்.

இரண்டு பேரும் குதிரிடம் போனோம். சொன்னோம். அது பாவாத்தாள் சாளையில் மாட்டியிருக்கும் ஒலிபெருக்கி வழியாக அவளைக் கூப்பிட்டது. நெற்றியில் வியர்வையோடு, முழங்கை வரை ஈரத்தோடு வந்தாள்.

"உங்க பட்டியில பதினொண்ணுதான்னு ரெண்டு பேரு சொல்றாங்க" என்றது குதிரு. "மீதி மூணு எங்கீங்க?"

அவள் குதிருப் பக்கம் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"எண்ணியாச்சுங்களா, மாமா?"

"எண்ணியாச்சு."

"பேரு சொல்லி எண்ணுனீங்களா, வெரலு விட்டு எண்ணுனீங்களா?"

"எப்படி எண்ணுனா என்ன? மூணு இல்லை. எங்க மாடு சாவுது, நீ துணி தொவைக்கறே."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். "செரிங்க. எண்ணுனவங்களே வெச்சுக்கங்க" என்று திரும்பிப் போய்விட்டாள்.

"மூணு உருப்படித் தண்ணி இருக்குதுங்க. ஆருக்கு வேணும்?" என்றது குதிரு.

பொங்கியண்ணன் வாயைத் திறப்பதற்குள் "எனக்கு" என்றேன்.

"அப்படீன்னா உங்க பட்டியில பதினெட்டுங்களா?"

"ஆமா."

அதுவும் பொய்தான். பொங்கியண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்களுக்குன்னே தனிக் குதிரு ஒண்ணு கட்டி வெக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மறுநாளிலிருந்து என் தொட்டியில் நூற்றிருபது லிட்டர் கூட விழுந்தது. மாடுகள் குடித்தன. நான் நன்றாகத் தூங்கினேன். அதையும் மறைக்கப்போவதில்லை.

முப்பத்திரண்டாம் நாள் காலை பொங்கியண்ணன் வேலிக்கு மேலாகக் கூப்பிட்டான். வழக்கமாக ஏதாவது கிண்டலோடுதான் ஆரம்பிப்பான். அன்றைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். "சென்னியப்பண்ணா, உங்க தம்பி போயிட்டாருங்க."

போனேன். ஆறு வருஷம் கழித்து அந்த வாசல். கட்டிலில் மாரப்பன் கிடந்தான். அவன் மேல் ஒரு வேட்டி போர்த்தியிருந்தது. தொட்டேன். காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது. உடம்பு இன்னும் சுட்டது. செத்தவன் உடம்பு சுட்டு நான் பார்த்ததில்லை.

பாவாத்தாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"காய்ச்சலா?" என்றேன்.

"காய்ச்சல் இல்லீங்க. சூடு. அவருக்கு வேர்க்காதுங்களே."

"வேர்க்காதா?"

"முதுகு ஒடைஞ்சதுல இருந்து மாருக்குக் கீழ வேர்வையே வராதுங்க. உங்களுக்குத் தெரியாது, நீங்க எங்க வந்தீங்க? வெயில் ஏறுச்சுன்னா உள்ளயே கொதிக்கும். ஈரத் துணி போத்திக்கிட்டே இருக்கோணும். காய்ஞ்சா எடுத்துட்டு வேறது போடோணும். ஃபேனு ஓடுனாச் சமாளிக்கலாம். கரண்டு எங்கீங்க?"

வேலி மேல் கிடந்த நான்கு வேட்டியும் இரண்டு துண்டும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"ஊருக்குள்ள லாரித் தண்ணி வந்துதே" என்றேன். வேறு என்ன சொல்வது?

"வாரத்துக்கு ரெண்டு கேன். அதுக்கும் மூணு மைலு போகோணும். இவரைப் போட்டுட்டுப் போனா வாரதுக்குள்ள துணி காய்ஞ்சுருமுங்க." வேட்டியின் ஓரத்தை நீவிவிட்டாள். "குதிரு கேட்டப்ப நாங்களும் உருப்படிதானேன்னு நெனைச்சேன். எனக்கு ஒண்ணு, அவருக்கு ரெண்டு. மாடு பதினொண்ணு. பதினாலுன்னு சொன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்லீங்க, மாமா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"மாட்டுக்குன்னு வெச்ச தண்ணியுங்க. மனுசனுக்கு எடுக்கறேன்னு வாயில சொன்னா, மொத்தத்தையும் நிறுத்திப் போட்டா என்ன பண்றது? அந்த அம்மிணியே அதுக்குள்ள கை வெக்க முடியாதுன்னு சொல்லுச்சே."

"பதினொண்ணு வந்துதே. அதுல எடுத்திருக்கலாமே."

"எடுத்தேனுங்க. நாலு நாளு எடுத்தேன். சினை மயிலை முட்டி போட்டு விழுந்துருச்சு. இவரு கட்டில்ல இருந்தே பாத்துட்டாரு. மாட்டுக்கு ஊத்து, எனக்குப் போதும்னாரு. துணி போட்டாக் கையில இழுத்துக் கீழ தள்ளினாரு. கை ரெண்டும் நல்லா இருந்துதுங்களே."

எழுந்து வெளியே வரப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"ஆரு எண்ணுனதுன்னு கேட்டாரு. உங்க பேரைச் சொன்னேன். நம்பலீங்க. 'எங்கண்ணன் எண்ண மாட்டான், உனக்குச் செரியாக் கேக்கலை'ன்னாரு. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

சாயங்காலம் எரித்தோம். புகை பக்கவாட்டில் கொஞ்சம்கூடச் சாயவில்லை. நட்டு வைத்த கம்பம் மாதிரி நேராக மேலே போயிற்று. எல்லோரும் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எதற்காகப் பார்த்தோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

முப்பத்தெட்டாம் நாள் காற்று வந்தது. காலையில் கோழி கூப்பிடும்போதே இலை சலசலத்தது, வெயில் ஏறுவதற்குள் காத்தாடி சுற்ற ஆரம்பித்தது. எனக்கு ஏழு போயிருந்தன. பொங்கியண்ணனுக்கு நான்கு. ரங்கப்பனுக்கு ஐந்தோ ஆறோ, அவர் சொல்லவில்லை. கூடுதலாக வாங்கின மூன்று உருப்படித் தண்ணீரில் எந்த மூன்று மாடு பிழைத்தது என்று எனக்குத் தெரியாது. சில நாள் தட்டியில் நின்று ஒவ்வொன்றின் முகமாகப் பார்ப்பேன். இதுவா, அதுவா என்று. மாடு முகத்தில் என்ன எழுதியிருக்கும்?

குதிருக்குள் இன்னும் இரண்டு நாள் சரக்கு மிச்சம் இருந்ததாம். நிரஞ்சனாதான் வந்து சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புரட்டாசியில் மறுபடி வந்தாள். குதிரு மாற்றியிருக்கிறார்களாம். எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினாள். முன்பு இருந்த சிரிப்பு அவளிடம் இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. எங்களுடையது மாதிரி எத்தனை ஊர் பார்த்தாளோ.

"இனிமே ஆளையும் சேத்திக் கேக்குமுங்க. உருப்படி எத்தனை, ஆளு எத்தனை, படுத்த படுக்கையா ஆராச்சும் இருக்காங்களான்னு கேக்கும். கொறைச்சுச் சொன்னாலும் பெருசாத்தான் குதிரு வெப்போம். நான் சண்டை போட்டு வாங்கியிருக்கறேன்." ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "உள்ளதைச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"சொன்னா?" என்றேன்.

"சொன்னா ஆரும் சாக வேண்டியதில்லீங்க அய்யா. அன்னைக்கு எல்லாரும் செரியா எண்ணிச் சொல்லியிருந்தா உங்க தம்பி இன்னைக்கு இருந்திருப்பாரு."

"நான் எண்ணாம இருந்திருந்தா இருந்திருப்பான்" என்றேன்.

"அது வேறீங்க அய்யா…"

"என்ன வேற? எண்ணிச் சொன்னா ஒண்ணு கொறையும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. எண்ணுனேன். கொறைஞ்சுது. நீ படிச்சிருக்கறே, நீயே சொல்லு."

பொங்கியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாவாத்தாள் எங்களைத் தாண்டிக் குதிருக்கு முன்னால் போனாள். இந்தத் தடவை மரத்தடியில் காத்திருக்கவில்லை. நான் பக்கத்தில் நிற்பதைப் பொருட்படுத்தவே இல்லை.

"வாங்க, வாங்க. உருப்படி எத்தனைங்க?"

"பதினொண்ணு. சினை மயிலை கன்னு போட்டுருச்சு. பன்னெண்டு."

"ஆளு எத்தனைங்க?"

அவள் உடனே சொல்லவில்லை. பன்னிரண்டு என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாளோ, இதற்கு அவ்வளவு நேரம் எடுத்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

"நல்லதுங்க. அடுத்தவங்க வாங்க."

அடுத்தது நான். எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். நிரஞ்சனா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் தாய் மாதிரி. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. நல்ல பெண்தான். அன்றைக்கும் நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள்.

"வாங்க, வாங்க. உருப்படி எத்தனைங்க?"

காத்தாடி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. பிரேக் கம்பி அதன் காலோரம் பழைய இடத்தில் தொங்கியது. நான் அதைப் பிடித்துத்தான் இருந்தேன். பிடித்துத்தான் இருந்தேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"உருப்படி எத்தனைங்க?" என்றது மறுபடி, கொஞ்சமும் சலிக்காமல்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். "அய்யா" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். "விடுங்கம்மிணி, அவரு சொல்ல மாட்டாரு" என்றான் பொங்கியண்ணன். மாடு திரும்புகிற நேரம். தட்டியைத் திறக்க வேண்டும்.

பின்னால் அது மூன்றாம் தடவையும் கேட்டது. நான் வேலியோரமாக நடந்துகொண்டே இருந்தேன்.